மாயாவி என்னும் பெயர்: தமிழ்ப் படக்கதைத் தொகுப்பும் வீரநாயகத் திரைப்படமும்

தமிழில் அச்சேறிய படக்கதைகளை ஆராயப் புகுவார்க்கு முதற்கண் எதிர்ப்படுவது ஒரு பெயர்ச்சிக்கல். 1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து வெளிவந்த முத்து காமிக்ஸின் முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’ என்பது. ஈண்டு மாயாவி எனப் பெயர் பெற்றவன், இங்கிலாந்தின் ‘வாலியண்ட்’ என்னும் கிழமை இதழில் 1962 முதல் உலவிய லூயிஸ் கிராண்டல் என்பான். 12 ஆண்டுகள் கழிந்து, 1984-இல் தினத்தந்திக் குழுமத்தார் தொடங்கிய ராணி காமிக்ஸில் ‘முகமூடி வீரர் மாயாவி’ என உலவியவரோ முற்றிலும் வேறொருவர். அவர் 1936-இல் அமெரிக்கச் செய்தித்தாள்களுக்கென லீ ஃபாக் படைத்த ‘ஃபேண்டம்’. அவரே தமிழில் பிறிதோரிடத்து வேதாளன் என்றும் வழங்கப் பெற்றார். ஆகவே மாயாவி என்னும் ஒரு பெயர் இருவர்க்கு உரியதாயிற்று. ஃபேண்டம் ஒருவர்க்கே இரு பெயர்கள் உளவாயின. பலபொருள் ஒருசொல்லும் ஒருபொருட் பலசொல்லும் உரிச்சொல்லியலில் மட்டும் கற்கத்தக்கன அல்ல என்பது இதனாற் போதரும்.

இச்சிக்கலை விளையாட்டாகக் கருதி ஒதுக்குவார் பலர். படக்கதை என்பது சிறார்க்குரியது, பிறமொழிச் சரக்கு, இலக்கிய வரலாற்றில் இடம்பெறத் தகாதது என்னும் கருத்து நம் துறைகளில் நெடுங்காலமாக நிலவி வருகின்றது. இக்கருத்தில் ஒரு பாதி உண்மை உண்டு. படங்கள் பிறர் வரைந்தவை, கதை பிறர் கட்டியது. ஆயின் தமிழ்ச் சிறார் நினைவில் நிலைபெற்றவன் லூயிஸ் கிராண்டல் அல்லன்; மாயாவியே நிலைபெற்றான். படம் கடலுக்கு அப்பாலிருந்து வந்தது. வீரனைச் செய்தது தமிழ்ச்சொல். இதுவே இக்கட்டுரையில் நாம் நிறுவக் கருதுவது. இதனை ஒப்பின், பழைய இதழ்களைத் தேடித் தொகுப்போரின் முயற்சியைப் பொழுதுபோக்கு என்று தள்ளுதல் இயலாது. தமிழில் எடுக்கப்பெறும் வீரநாயகத் திரைப்படங்களை மதிப்பிடுதற்கும் ஓர் அளவுகோல் கிடைக்கும்.

பெயரை முதலில் நோக்குவாம். மூலத்தில் அவ்வீரனுக்கு அமைந்த பெயர் ‘எஃகு நகம்’ என்னும் பொருளது. கருவியைச் சுட்டும் வறிய பெயர். ஆய்வுக்கூட உதவியாளனாகிய அவன் வலக்கையை இழந்து எஃகுக் கை பொருத்தப் பெறுகின்றான். மின்சாரம் உடலிற் பாய்ந்தவழி உடல் முழுதும் கட்புலனுக்கு மறைய, எஃகுக் கை மட்டும் வெளியில் மிதக்கின்றது. ஸ்பானிய ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்த படங்களின் ஆற்றலெல்லாம் அந்தத் தனிக்கையிலேயே உள்ளது. தமிழாக்கியோர் கையை விடாது இரும்புக்கை எனக் கொண்டனர். அதனோடு மூலத்தில் இல்லாத ‘மாயாவி’யையும் கூட்டினர். இச்சொல் வடமொழி ‘மாயாவின்’ என்பதன் வழி வந்தது. இராமகாதையில் வாலியொடு பொருது பிலத்துட் புகுந்த அசுரனுக்குரிய பெயர். எனினும் தமிழ்ச் செவிக்கு, மறைதலையும் அழிதலையும் குறிக்கும் ‘மாய்தல்’ என்னும் வினையும் அதனுள் உடன் ஒலிக்கின்றது. மறைபவன் எனவும் மாயம் வல்லான் எனவும் இரு பொருள் ஒருங்கே தோன்ற, அசுரன் பெயர் வீரன் பெயராயிற்று. இவ்வீரனும் தொடக்கக் கதைகளில் தீயவனாக இருந்து பின்னரே நல்வழிப்பட்டவன் என்பதை எண்ணுங்கால், அசுரப் பெயர் அவனுக்குப் பொருந்தாததன்று.

(மாயா + ஆவி எனப் பிரித்து, ‘மாயாத ஆவி’ என்று ஃபேண்டமுக்குப் பொருந்த விரித்துக் காட்டும் ஆர்வலரும் உளர். இறவாதவர் என நம்பப்படும் வீரர்க்கு அது அழகிய பொருளே. ஆயின் உடம்படுமெய் தோன்றி மாயாவாவி என்றாகுமேயன்றி மாயாவி என்றாகாது. சுவைக்காகப் புணர்ச்சி விதியைக் கைவிடல் தகாது.)

வேதாளன் என்னும் பெயரும் இத்தகைய சிந்தனையின் விளைவே. நடமாடும் ஆவி என்பது மூலத்தின் அடைமொழி; மண்டையோட்டு வடிவான குகை அவர் இருக்கை. மண்டையோடும் ஆவியும் கூடிய இடத்துத் தமிழர்க்கு நினைவில் எழுவது விக்கிரமாதித்தன் கதை வேதாளமே. 1947 முதல் வெளிவந்த அம்புலிமாமா அக்கதைகளை வீடுதோறும் கொண்டு சேர்த்திருந்தது. சுடுகாட்டில் உடலைத் தோளிற் சுமந்து செல்லும் அரசனது படத்தை அவ்விதழிற் கண்டு பழகிய சிறார்க்கு, வேதாளன் என்ற மாத்திரத்தில் வீரர் அயலார் ஆகாதொழிந்தார். இந்தியில் வேதாள் என்றும், வங்கத்தில் காட்டுத் தெய்வம் எனப் பொருள்படும் அரண்யதேப் என்றும் அவர் பெயர் பெற்றமை ஒப்புநோக்கத் தக்கது. வங்கர் காட்டையும் தெய்வத்தையும் கண்ட இடத்தில் தமிழர் சுடுகாட்டையும் பேயையும் கண்டனர்.

பெயரிடுதல் ஆக்கமே தரும் என்று நாம் கூறவில்லை. அதனால் மறைக்கப்படுவதும் உண்டு. ஃபேண்டம் கதையின் அடித்தளம், ஆப்பிரிக்கக் காட்டில் கருநிற மக்கள் நடுவே ஒரு வெள்ளையர் குடி 20 தலைமுறைக்கு மேல் நீதி வழங்கி வருகின்றது என்பதாகும். காலனிய ஆட்சியின் கனவு இதனினும் வெளிப்படையாக வரையப்பட்டது அரிது. 1964-இல் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸ், ‘பங்கல்லா’ என்னும் நாட்டுப்பெயர் வங்கத்தை நினைவூட்டும் என்றஞ்சி அதனை டெங்காலி என மாற்றிற்று. பெயர் மாறியது, ஆட்சிமுறை மாறவில்லை. வேதாளன் என்னும் நாட்டார் பெயரும் மாயாவி என்னும் புராணப் பெயரும் அம்முகமூடியின் மேல் இட்ட மற்றொரு முகமூடியாயின. விடுதலை பெற்ற நாட்டுச் சிறார் அந்த ஆட்சியாளரைத் தம்மவராகக் கொண்டாடியதற்குத் தமிழாக்கத்தின் திறமே ஒரு காரணம். இத்திறத்தைப் பாராட்டும் திறனாய்வாளன் அதன் விலையையும் சொல்லக் கடவன்.

இனித் தலைப்புகள். 1984 ஜூலையில் சௌந்திரபாண்டியனாரின் மைந்தர் விஜயன் பொறுப்பில் லயன் காமிக்ஸ் தொடங்கிற்று. அதன் தொடக்கக்கால இதழ்களுள் ஒன்று, ஸ்பைடர் என்னும் குற்றவாளி வேந்தனின் கதை. அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘எத்தனுக்கு எத்தன்’. பேச்சுவழக்கிலிருந்து எடுத்த இத்தொடர் அவ்வீரனது இயல்பை ஒரு மூச்சில் உணர்த்திவிடுகின்றது. இந்த ஸ்பைடரின் கதைகளை இங்கிலாந்தில் எழுதியவருள் ஒருவர் ஜெர்ரி சீகல். அவரே ஜோ ஷஸ்டருடன் கூடி 1938-இல் சூப்பர்மேனைப் படைத்தவர். உலகெங்கும் அவர்தம் சூப்பர்மேன் புகழ்பெற, தமிழ்நாட்டுச் சிற்றூர்ச் சிறார் அவருடைய வேறொரு மைந்தனையே நெஞ்சிற் கொண்டனர். இவ்வுறவு இங்கு வாசித்தார்க்குத் தெரிய வாய்ப்பில்லாது போயிற்று. பழைய தமிழ் இதழ்களில் உரிமைக் குறிப்பு இருக்குமேயன்றி எழுதியவர், வரைந்தவர், தமிழாக்கியவர் பெயர்கள் பெரும்பாலும் இரா.

‘இரத்தப் படலம்’ என்பது இன்னும் நுண்ணிய பெயரீடு. வான் ஆம் எழுத வில்லியம் வான்ஸ் வரைந்து 1984 முதல் பெல்ஜியத்தில் வெளிவந்த அத்தொடரின் மூலப்பெயர் வெறும் எண், 13 என்பதைக் குறிக்கும் உரோமானியக் குறி. நினைவிழந்தான் ஒருவன் தன் பெயரைத் தேடும் கதை அது. எண்ணைப் பெயராக வைத்தாற் தமிழ்ச் செவி ஏலாதெனக் கண்டு, ‘படலம்’ என்னும் காப்பியப் பகுப்பைக் கையாண்டனர். கம்பன் கழகத்தைச் சா. கணேசனார் 1939-இல் தோற்றுவித்த காரைக்குடியில் இச்சொல்லுக்கு விளக்கம் வேண்டா. பகுதி பகுதியாக நீளும் ஒரு பெருங்கதையைப் படலம் என்றதனால், படிப்பவன் அடுத்த படலத்துக்குக் காத்திருக்கக் கற்றான். 2010-இல் அதன் 18 பாகங்களும் ஒரே தொகுதியாகத் தமிழில் வந்தபோது, அது காப்பிய அளவினதாகவே இருந்தது.

இவ்வாறு சொல்லே உயிராயின், அச்சொல்லைத் தாங்கும் தாள் எங்கே என்னும் வினா எழுகின்றது. இவ்விடத்துத் தொகுப்போர் நமக்கு இன்றியமையாதவராகின்றனர். மேனாட்டில் இத்தொழில் பெருஞ்செல்வர் கைப்பட்டுவிட்டது. சூப்பர்மேன் முதன்முதல் தோன்றிய 1938-ஆம் ஆண்டு இதழின் விலை அன்று 10 சென்டு. அதன் ஒரு படி 2024-இல் 60 இலட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. படைத்த இருவரும் அவ்வீரனின் உரிமையை விற்றுப் பெற்றது 130 டாலர். அங்கு அரிய படிகளைத் தரம் மதிப்பிட்டுக் கண்ணாடிபோன்ற நெகிழிப் பேழையில் முத்திரையிட்டு அடைக்கின்றனர். அவற்றைத் திறந்தால் மதிப்பிழக்கும். ஆகவே அவை படிக்கவொண்ணா நூல்கள். நூல் நூலாயிருத்தலை விட்டுப் பொற்காசாய்விட்ட நிலை அது.

நம்மவர் தொகுப்பு இன்னும் அந்நிலையை எய்தவில்லை. மதுரைப் புதுமண்டபத்தை அடுத்த பழைய புத்தகக் கடைகளிலும், 1985-இல் தீக்கிரையாகும் வரை சென்னை மூர் மார்க்கெட்டிலும் தேடி அலைந்தவர்கள் படித்தற்பொருட்டே தேடினர். சிறு வயதில் வாடகை நூல்நிலையத்தில் ஓர் இரவுக்கு வாங்கிப் படித்த கதையின் இறுதிப் பக்கம் கிழிந்திருந்தமையால், அதன் முடிவை அறிய 30 ஆண்டு தேடியவரும் உளர். இத்தகையோர்க்கு அட்டையின் பளபளப்பினும் நடுத்தாள் நான்கும் இருத்தலே முதன்மை. கம்பித் தைப்பில் துரு ஏறி நடுத்தாள் கழன்று விழுதல் இவ்விதழ்களுக்கெல்லாம் பொதுநோய். மலிவான செய்தித்தாள் பழுப்பேறி ஒடிதல் மற்றொன்று. அண்மைக் காலத்தே முதல் இதழ்களுக்குப் பெருவிலை கேட்கும் வழக்கம் இங்கும் தலைகாட்டுகின்றது. விலை ஏறுதல் ஒருவகையில் நன்று, எடைக்குப் போகாமற் காக்கும். மற்றொருவகையில் தீது, பெட்டிக்குள் ஒளிக்கும்.

மறுபதிப்பு வந்துவிட்டதே, பழைய படி எதற்கு என வினவுவார்க்கு நாம் கூறும் விடை இது. மறுபதிப்பு கதையைத் தருகின்றது, இதழைத் தருவதில்லை. பழைய இதழில் கதையேயன்றி ஆசிரியர் மடல் உண்டு, வாசகர் கடிதம் உண்டு, அடுத்த வெளியீட்டின் அறிவிப்பு உண்டு, விலையும் விளம்பரமும் உண்டு. எவ்வூர்ச் சிறுவன் எதனை விரும்பினான், எதனை வெறுத்தான், தமிழாக்கத்தில் எச்சொல்லைக் குறை கூறினான் என்பதற்கு அக்கடிதப் பக்கத்தினும் நேரிய சான்று வேறில்லை. எழுத்து வரலாற்றுக்கும் இவை பயன்படும். ணை, லை, னை முதலியவற்றின் பழைய வரிவடிவத்தை மாற்றிய எழுத்துச் சீர்திருத்த ஆணை 1978-இல் பிறந்தது. முத்து காமிக்ஸின் முதல் ஆறாண்டுகள் அதற்கு முற்பட்டவை. அடுத்து வந்தவை மாற்றத்தின் நடுவே நின்றவை. புதிய வடிவம் சிறார் கண்ணுக்கு எந்த ஆண்டில் எந்த இதழில் வந்து சேர்ந்தது என்பதை, அரசாணையை நோக்கியன்று, இத்தாள்களை நோக்கியே துணிதல் வேண்டும். இவற்றையெல்லாம் ஏட்டுச்சுவடித் தேட்டத்தோடு ஒப்பிடுவது மிகையாகும். ஆயினும் ஒரே கதையின் இரு வெளியீடுகளை அருகருகே வைத்துச் சொல் வேறுபாடு குறிக்கும் பணி, பாடவேறுபாடு குறிக்கும் பணியின் தம்பியே.

இதனை உணர்ந்த ஒருவர் நம் நடுவே இருந்தார். ராணி காமிக்ஸின் ஆசிரியராக விளங்கிய அ. மா. சாமி, தமிழ் இதழ்களின் வரலாற்றை எழுதிய ஆய்வாளருமாவார். 19-ஆம் நூற்றாண்டு இதழ்களைத் தேடித் தொகுத்த கையும், திங்கள்தோறும் முகமூடி வீரர்க்குத் தமிழ் பேசக் கற்பித்த கையும் ஒன்றே. அவருடைய முதற்பணியை நம் துறைகள் மேற்கோள் காட்டுகின்றன. இரண்டாவதைக் குறிப்பிடுவதே இல்லை.

செட்டிநாட்டுக்கு வருவாம். இந்நிலப்பகுதி சிறார் எழுத்துக்கும் மலிவுப் பதிப்புக்கும் அயலானதன்று. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவும், சக்தி வை. கோவிந்தனும் இராயவரத்தார், 1948-இல் தொடங்கிய கல்கண்டின் ஆசிரியராய் அமர்ந்து சங்கர்லால் என்னும் துப்பறிவாளரை உலவவிட்ட தமிழ்வாணன் தேவகோட்டையார். தொப்பியும் கருப்புக் கண்ணாடியும் அணிந்து, அவ்விரண்டையுமே தம் முத்திரையாக்கிக் கொண்ட அவர், முகமூடி வீரரின் இலக்கணத்தை எழுத்தாளர்க்கே பொருத்திக் காட்டினார் எனலாம்.

இவர்கள் எல்லாரினும் நம் பொருளுக்கு நெருங்கியவர் கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியராயிருந்த அவர், பல்லாயிரக்கணக்கான தமிழ் நூல்களையும் இதழ்களையும் தம் இல்லத்திற் சேர்த்தார். நூலோடு நில்லாது நாடக விளம்பரத்தாள், பாட்டுப் புத்தகம், திருமண அழைப்பிதழ் எனப் பிறர் குப்பை என்று எறிந்தவற்றையும் சேர்த்தமையே அவர் தனிச்சிறப்பு. 1992-இல் அவர் மறைந்தபின் அத்தொகுப்பைச் சிகாகோப் பல்கலைக்கழகம் பெற்றது. 1994-இல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. இன்று 19-ஆம் நூற்றாண்டுக் குசிலிப் பாட்டுகளை ஆராய்வோர் அந்நூலகத்தை நாடுகின்றனர். தெருவில் விற்ற அப்பாட்டுப் புத்தகங்கள் அன்று பெற்றிருந்த மதிப்பு, நேற்றைய படக்கதை பெற்றிருந்த மதிப்பினும் உயர்ந்ததன்று.

கோட்டையூரில் ஒருவர் செய்ததனைப் பிற வீடுகள் செய்தில. இது வியப்புக்குரியது. செட்டிநாட்டு வீடு எப்பொருளையும் எறியாத வீடு. சீராக வந்த பாத்திரம் ஒவ்வொன்றிலும் பெயரெழுத்து வெட்டி, கணக்கெழுதி, அறையில் அடுக்கிப் பூட்டுவது அவ்வீட்டின் மரபு. வெண்கலமும் பீங்கானும் எனாமலும் மூன்று தலைமுறை கடந்தும் இருக்கும். விடுமுறையில் ஆத்தா வீட்டுக்கு வந்த பேரன் வளவுத் தூணிற் சாய்ந்து படித்த படக்கதை இராது. அது கணக்கில் ஏறாத பொருள். பெரிய வீடுகள் பங்கு பிரிக்கப்பெற்றும் இடிக்கப்பெற்றும் வருங்கால், நிலையும் தூணும் இரவிவர்மா படமும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருட் கடைகளுக்குச் செல்கின்றன. தாள் பழைய தாள் வாங்குவோனிடம் எடைக்குச் செல்கின்றது. ஒரு தலைமுறை படித்த சொற்கள் இவ்வாறு நம் கண் முன்னரே கரைகின்றன. இதற்கு இரங்குவதோடு நில்லாது, எந்த வீட்டில் எது எஞ்சியது எனக் கணக்கெடுத்தல் தமிழ்த்துறை மாணவர் கையிலுள்ள பணி.

திரைப்படத்துக்குச் செல்லுமுன் ஒன்று கூறுதல் வேண்டும். காரைக்குடிக்குத் திரைப்படம் புறத்தே இருந்து வந்த பொருளன்று. ஏ. வி. மெய்யப்பன் காரைக்குடியையடுத்துக் கீற்றுக் கொட்டகைகளில் படப்பிடிப்பு நிலையம் அமைத்தார். 1947-இல் வந்த ‘நாம் இருவர்’ அங்கு உருவாயிற்று. 1948-இல் நிலையம் கோடம்பாக்கத்துக்குப் பெயர்ந்தது. அவ்வாண்டே அவர், பம்மல் சம்பந்த முதலியார் நாடகத்தைத் தழுவி ‘வேதாள உலகம்’ என்னும் படத்தை வெளியிட்டார். வேதாளமும் மாயமும் தமிழ்த் திரையின் தொடக்கக்காலப் பொருள்களே. அவை மேனாட்டு வீரநாயகர் வரவுக்குக் காத்திருக்கவில்லை.

இதனை மறந்தமையே தமிழில் எடுக்கப்பெற்ற வீரநாயகப் படங்கள் சிலவற்றின் குறை. மிஷ்கின் இயக்கிய ‘முகமூடி’ (2012) உடையையும் மேற்போர்வையையும் நன்கு தைத்துக்கொண்டது. அப்போர்வையினுள் நிற்பவன் யார், ஏன் நிற்கின்றான் என்பதற்கு அழுத்தமான சொல் ஒன்றும் அதனிடம் இல்லை. குங்ஃபூப் பயிற்சிக் காட்சிகளில் இருந்த உயிர், முகமூடி ஏறியவுடன் அகன்றுவிட்டது. இதற்கு மறுதலையாய், ‘கந்தசாமி’ (2009) திரைக்கதையில் தளர்ந்த படமேயாயினும் கருவில் வலியது. திருப்போரூர் முருகன் கோவில் மரத்தில் மக்கள் குறைகளைத் தாளில் எழுதிக் கட்டுகின்றனர். அவற்றைத் தீர்க்க வருபவன் சேவல் உருவம் பூண்டு வருகின்றான். சேவல் முருகன் கொடி என்பதை எவரும் விளக்க வேண்டாத இடத்தில் அக்கரு நிற்கின்றது. ‘வீரன்’ (2023) இன்னும் ஓரடி முன்சென்றது. மின்னல் தாக்கி ஆற்றல் பெற்றவன், ஊர்க் காவல் தெய்வமாகிய வீரனின் கோலம் பூண்டு ஊரைக் காக்கின்றான். இரும்புக்கை மாயாவிக்கு மின்சாரம் தந்த ஆற்றலும், ஐயனார் கோவில் மண்குதிரையும் ஒரு சட்டகத்துள் வந்தன. இரவில் குதிரைமேல் ஊர் சுற்றும் கருப்பரை வழிபடும் சிவகங்கைச் சீமையார்க்கு, இரவுக் காவலன் என்னும் கருத்தைக் கற்பிக்க நியூயார்க் வேண்டுவதில்லை.

சிம்புதேவனின் ‘இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்’ (2010) நகைச்சுவைப் படமாயினும், தலைப்பிலேயே சிவகாசி இதழ்களின் சொல்லோசையைச் சரியாகப் பிடித்தது. அது பார்க்கும் படம் என்பதினும் வாசித்த நினைவு எனல் பொருந்தும்.

சொல்லே வீரனைச் செய்கின்றது என்னும் நம் கோளுக்குத் தலையாய சான்று ஒரு குரலின் வரலாறு. 2019-இல் ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ தமிழில் ஒலிமாற்றம் பெற்றபோது, இரும்பு மனிதனுக்கு விஜய் சேதுபதி குரல் தந்தார். இரசிகர் பலர் அதனை ஏற்கவில்லை. முன்னைய படங்களிற் பழகிய குரல் போய், யாவரும் அறிந்த ஒரு நடிகரின் குரல் அயலான் முகத்திலிருந்து வருவதை அவர்கள் செவி தாங்கவில்லை. நான்கு ஆண்டு கழிந்து, மடோன் அஸ்வின் இயக்கிய ‘மாவீரன்’ (2023) வந்தது. அதன் நாயகன் நாளிதழில் ‘மாவீரன்’ என்னும் படக்கதைத் தொடரை வரைபவன், அச்சம் மிக்கவன். சாவின் விளிம்பைத் தொட்டு மீண்டபின் அவன் செவியில் ஒரு குரல் கேட்கத் தொடங்குகின்றது. அவன் எழுதிய வீரனின் நடையில், அவன் அடுத்துச் செய்யப்போவதை அக்குரல் உரைக்கின்றது. அவன் விரும்பாமலே அவ்வாறு செய்கின்றான். அக்குரலும் விஜய் சேதுபதி குரலே. ஈண்டு அதனை எவரும் வெறுக்கவில்லை.

வேறுபாடு யாது? முன்னதில் ஆயத்தமாக வந்த உருவத்தின்மேல் குரல் ஒட்டப்பெற்றது. பின்னதில் குரலிலிருந்தே உருவம் பிறந்தது. ‘மாவீரன்’ நாயகனுக்குப் பறக்கும் ஆற்றல் இல்லை, உடையும் இல்லை. அவனுக்கிருப்பது ஒரு கதைகூறுபவன் மட்டுமே. படக்கதைச் சட்டத்தின் மேல்விளிம்பில் ‘அந்நேரத்தில்…’ எனத் தொடங்கும் விளக்கவரியைத் தமிழ்ச் சிறார் ஐம்பது ஆண்டு படித்தனர். அவ்வரியே ஈண்டு ஒலி வடிவம் பெற்று ஒரு கோழையை ஆட்டுவிக்கின்றது. குடிசைப்பகுதியினின்று பெயர்க்கப்பட்டுத் தரங்கெட்ட அடுக்குமாடியில் இடப்பட்ட மக்களின் வழக்கை அக்குரல் எடுத்துரைப்பதனால், சொல் வெறும் அணியாக நின்றுவிடாமல் செயலும் ஆகின்றது. படத்தின் பிற்பகுதி வழக்கமான மோதலில் தேய்ந்துபோவதை மறுப்பதற்கில்லை. எனினும் தமிழ்ப் படக்கதையின் உயிர்நிலை எது என்பதை இதனினும் நன்கறிந்த திரைப்படம் இதுகாறும் வரவில்லை.

அண்டை நாட்டில் 2025-இல் வந்த ‘லோகா’ மலையாளப் படத்தை ஈண்டு விடுதல் ஆகாது. கள்ளியங்காட்டு நீலி என்னும் இயக்கியை இற்றைநாள் பெங்களூரில் வீரநாயகியாக உலவவிட்டுப் பெருவெற்றி கண்டது அது. நீலி தமிழர்க்கும் உரியவள்; பழையனூர் நீலி கதை நம் நாட்டில் வழிவழி வழங்குவது. கதை நம்மிடமும் இருந்தது; அதற்குத் தக்க பெயரும் குரலும் தந்தவர் மலையாளத்தார். நம் இயக்குநர்கள் கருப்பரையும் நீலியையும் நோக்கி வரும் வரவு மெல்ல நிகழ்கின்றது, விரைந்து நிகழ்வதாக.

இரும்புக்கை மாயாவி என்னும் பெயரில் ஒரு படம் எடுக்கும் எண்ணத்தை இயக்குநர் லோகேஷ் கனகராஜ் பலகாலும் வெளியிட்டிருக்கின்றார். அது உருவாகுமாயின், ஆங்கில மூலத்தைத் தேடிப் பெறுவது எளிது. அவ்விதழ்கள் அந்நாட்டில் மறுபதிப்பும் கண்டுள்ளன. 1972-ஆம் ஆண்டுத் தமிழ்ப் படியில் மாயாவி என்ன சொற்களைப் பேசினான், முல்லை தங்கராசன் முதலிய தொடக்கக்கால ஆசிரியர் அவனுக்கு எந்த நடையை வகுத்தனர், அவன் எதிரியை எவ்வாறு விளித்தான், மறையும்போது என்ன கூறினான் என்பதை அறிய விரும்புவார் எங்குச் செல்வர்? இன்று அவர் செல்லக்கூடியது தனியார் ஒருவரின் அலமாரிக்கே. அலமாரிக்குரியவர் மனமுவந்து காட்டுவர். அவ்வினத்தார் பெரும்பாலும் கொடைக்குணத்தர் என்பது நம் அனுபவம். அவர் காலத்துக்குப்பின் அவ்வலமாரியின் நிலை கோட்டையூர்த் தொகுப்பின் நிலையாகுமோ, எடைக்கடையின் நிலையாகுமோ என்பதே வினா.

முதற்பணியாக, முத்து, லயன், ராணி ஆகிய மூன்றின் இதழ்களுக்கும் எண், திங்கள், விலை, பக்கம், தமிழ்த் தலைப்பு, மூலத் தலைப்பு, மூல ஆசிரியர், ஓவியர், வீரனின் தமிழ்ப்பெயர், கடிதப் பக்கம் உண்டு இல்லை என்னும் குறிப்பு ஆகியவை அடங்கிய அட்டவணை ஒன்று வேண்டும். ராணி காமிக்ஸ் 2005-இல் நின்றுவிட்டமையால் அதனிடமிருந்து தொடங்குதல் எளிது. காரைக்குடி, தேவகோட்டை வட்டாரங்களில் வீடு இடிக்கப்படுமுன் மாடி அறைகளை ஒருமுறை பார்த்துவிட இசைவு பெறும் மாணவர்க்கு, பாத்திரக் கணக்கில் ஏறாத பெட்டிகள் சில இன்னும் அகப்படக்கூடும்.